இருபத்தைந்தில் வைத்த நான்கு கால்கள்

25 செப்., வியாழன்

புழுக்கம். செவ்வாய் மழைத் தண்ணீர் சந்து முனையில் இன்னும் கணுக்கால் வரை. பால் பாக்கெட் வரவில்லை.

கராஜில் கல்யாணியின் துளசித் தொட்டிக்கு ஸ்டாண்ட் வெல்டிங். மிச்சம் கிடந்த ஆங்கிள் இரும்பு. வெல்டிங் கேஸ், மீட்டரில் நிமிடத்துக்கு 25 லிட்டர். முதுகுக்குப் பின்னால் பெடஸ்டல் ஃபேன், அது இல்லாமல் இங்கே பத்து நிமிடம் நிற்க முடியாது. போன சனிக்கிழமை வைத்த அதே செட்டிங். ஒரு கால் கோணலாக உட்கார்ந்தது. நிமிர்த்தச் சுத்தியலால் ஒரு தட்டு. கால் கையோடு வந்துவிட்டது.

உடைந்த இடத்தில் முழுக்கத் துளை. ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி.

கல்யாணி மாடியிலிருந்து: "என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

போன சனிக்கிழமை செய்தது எங்கள் தெருப் பூஜைக்கு, துர்க்கை நிற்கப்போகும் இரும்புச் சட்டம். நான்கு கால். போன வருடம் மரப்பலகை சாய்ந்தது என்று கிளப் செயலாளர் தபன்தா கேட்டார் (தா, தாதா: இங்கே அண்ணன்). வங்காளிகள் நடுவில் லேக் கார்டன்ஸ் வந்து பத்தொன்பது வருடத்தில் என்னிடம் சந்தா தவிர வேறொன்று கேட்டது இதுதான் முதல் தடவை. மூட்டுகளைக் கிரைண்டரால் தேய்த்துச் சமமாக்கிப் பச்சைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன்.

தேய்த்தபோது இரண்டு ஊசித்துளை தெரிந்தது. பார்த்தேன். பெயின்ட் மூடிவிட்டது.

26, வெள்ளி

காலை ஏழிலிருந்து சோதனை. ஒரே கனத் துண்டுகள், வைஸ் பிடியில் இறுக்கி ஒரே சுத்தியல்.

25, ஃபேன் ஓட: முதல் அடி. போயிற்று.
25, ஃபேன் நிறுத்தி: மூன்றாவது அடி.
12, ஃபேன் ஓட: முதல் அடி.
12, ஃபேன் நிறுத்தி: எட்டு அடி. வளைந்தது. விடவில்லை.

இரண்டு தடவை செய்தேன். மாறவில்லை.

டாலிகஞ்ச் போய் கிரில் கடை இஸ்மாயில் பாயிடம் துண்டுகளைக் காட்டினேன். ஓர் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ஃபேன் போட்டீங்களா தாதா?"

"ஆமாம்."

"கேஸ் பறந்துபோகுதுன்னு மீட்டரைக் கூட்டினீங்க."

"ஆமாம்."

"குழாயை முழுசாத் திறந்தா வாளி நிறையுமா, தண்ணி தெறிக்குமா? உருகுற இரும்பை மூடத்தான் கேஸ். அடிச்சு ஊதினா அதுவே சுழன்று வெளிக்காத்தையும் இழுத்துக்கிட்டு வரும். எதுக்குச் செஞ்சீங்க?"

சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது மாலை நாலரை. தெருமுனையில் லாரி. சிலை வந்துவிட்டது! சங்கு, குலவை, பத்துப் பேர் தோள் கொடுத்து ஏற்றினார்கள். என் சட்டத்தின் மேல். "ஆஸ்தே, ஆஸ்தே" என்று நானும்தான் கத்தினேன். மெதுவாக என்றுதான் கத்தினேன், நிறுத்துங்கள் என்று கத்தவில்லை.

சட்டம் நின்றது. தபன்தா முதுகில் தட்டினார்: "மூர்த்திதா, பேனாவை விட வெல்டிங் டார்ச்சுதான் உங்களுக்கு லாயக்கு!"

சிரித்தேன். துண்டுகள் இருந்த பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன்.

27, சனி, பஞ்சமி

முப்பத்தாறு வருடம் நிருபராக விபத்து நடந்த இடங்களில் நான் கேட்ட கேள்வி ஒன்று: உங்களுக்கு எப்போது தெரியும்? இப்போது பதில்: வியாழன் காலை பதினொன்றேகால்.

 கல்யாணியிடம் சொன்னேன். மாவு பிசைந்த கையோடு கேட்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் கலசம் வச்சுட்டா தசமி வரைக்கும் அசைக்க விடமாட்டாங்க. இப்பவே போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"மானம் போகும்னு பயமா? அஷ்டமிக்குப் பூப் போட முதல் வரிசையில நான்தான் நிப்பேன். அதை நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

பந்தல். தபன்தா லைட்காரனோடு சண்டையில். தனியே அழைத்துச் சொன்னேன்.

"கிச்சு ஹோபே நா," என்றார். ஒன்றும் ஆகாது. இந்த வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் எத்தனை தடவை எழுதியிருப்பேன். எல்லாம் ஆன பிறகு.

பையிலிருந்து, துளசி ஸ்டாண்டில் வியாழன் உடைந்த காலுக்கு ஜோடியான மூட்டும் சுத்தியலும் எடுத்தேன். "நீங்களே அடியுங்க." லேசாகத்தான் அடித்தார். துண்டு தெறித்து டாக் மேளத்தின் மேல் விழுந்தது. தபன்தா மேலே சிலையைப் பார்த்தார். பிறகு என்னை. 

"ஏற்றும் முன்னால் சொல்லியிருக்கலாமே, மூர்த்திதா."

"சொல்லியிருக்கலாம்."

28, ஞாயிறு, ஷஷ்டி

இஸ்மாயில் பாய் இரண்டு ஆட்களோடு ஆறரைக்கே. மறுபடி வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டேன். மேலே சிலைக்குள் வைக்கோல், சணல், துணி.

"நெருப்பு வைக்கவா கூப்பிட்டீங்க?"

சட்டத்துக்கு அடியில் செங்கல் தூண் நான்கு, ஒவ்வொன்றின் தலையிலும் சால் மர ஆப்பு. ஆப்பை அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் சிலையின் கை அதிர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. சிவப்புத் துணி சுற்றி மறைத்தாயிற்று.

கிளப் பையன்களில் ஒருவன்: "மெட்ராஸ் இன்ஜினியரிங்!" எல்லோரும் சிரித்தார்கள். தபன்தா சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாலை கலசம் வைத்தார்கள். இனி தொடக் கூடாது.

30, செவ்வாய், அஷ்டமி

காலை அஞ்சலி. நல்ல வெயில். கல்யாணி சொன்னபடியே முதல் வரிசை, இடது பக்கம். நான் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து துணியை விரலால் தூக்கி ஆப்புகளைப் பார்த்தபடி. டாக் அடிக்கும்போது தரை அதிர்கிறது. பூப் போடும் ஒவ்வொரு தடவையும் கூட்டம் ஒரு அடி முன்னே. குழந்தைகளை முன்னால் தள்ளிவிடுகிறார்கள்.

இடது முன் காலில் பெயின்டில் தலைமுடி அளவு கோடு. நேற்று இருந்ததா? நேற்று அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பின்னால் வயதான ஒரு மாஷிமா: "பார், மூர்த்திக்கு என்ன பக்தி, தரையிலேயே உட்கார்ந்துட்டான்."

மூன்று சுற்று அஞ்சலி. எழுந்தபோது கால் மரத்திருந்தது. பிரசாதக் கிச்சுடி சாப்பிடவில்லை.

2 அக்., வியாழன், தசமி

தூறல். பெண்கள் குங்குமம் பூசி விளையாடி முடித்ததும் சிலையை இறக்கி லாரியில் ஏற்றினார்கள். நல்லபடியாக. தபன்தா லாரியோடு போகவில்லை. சுத்தியலோடு நின்றார்.

இஸ்மாயில் பாய் ஆப்புகளைத் தட்டி எடுத்தார். பிறகு செங்கல்.

வலது பின்: ஐந்து அடி தாங்கியது.
வலது முன்: நான்கு.
இடது பின்: ஒன்று.
இடது முன் காலுக்குச் சுத்தியல் வேண்டியிருக்கவில்லை. செங்கலை எடுத்ததும் தானே விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். உடைந்த பரப்பு பளபளக்கவில்லை. முழுக்கத் துரு, காவி நிறத்தில். இன்று விட்டதல்ல.

நெற்றி, கன்னம் எல்லாம் சிவப்பாகக் கல்யாணி பக்கத்தில் வந்து நின்று, "எந்தக் கால்?" என்றாள்.

காட்டினேன்.