பீரோவில் வைத்த சாக்ஸ்

என் செல்லத் தம்பி ஸ்டீபா,

கல்லறைத் திருநாள் வருகிறது. நேற்று அம்மாவும் நானும் போய் உன் கல்லறையைச் சுற்றிப் புல்லைப் பிடுங்கிவிட்டு, வெள்ளையடிக்க ஆளிடம் சொல்லிவிட்டு வந்தோம். அப்பாவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டாய். எதிலும் ஆடி அசைந்து வருகிறவன், இதில் மட்டும் அம்மாவையும் என்னையும் முந்திக்கொண்டு போவானேன்?

உனக்கு ஒரு சேதி இருக்கிறது. சொல்வதற்கு முன் கொஞ்சம் திட்ட வேண்டியதும் இருக்கிறது. பொறுமையாகக் கேள், இப்போது உனக்கு லேபுக்கு ஓட வேண்டிய அவசரம் ஒன்றுமில்லையே.

எல்லாம் இதே திருநாளில்தானே ஆரம்பித்தது? ஒரகடம் சாலையில் ஸ்கூட்டியோடு இடது காலையும் விட்டுவிட்டு, முட்டிக்குக் கீழே செயற்கைக்கால் மாட்டிக்கொண்டு நான் மறுபடி கம்பெனிக்குப் போகத் தொடங்கிய வருஷம் அது. அப்பா கல்லறை முன்னால் நின்றிருந்தோம். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். காலுக்கும் செயற்கைக்காலுக்கும் நடுவில் போடும் சிலிகான் உறைக்குள் எனக்கு வேர்வை குளம் கட்டிவிட்டது. நிற்க முடியவில்லை. யாருடைய கல்லறையோ, அதன்மேல் உட்கார்ந்து காலைக் கழற்றி, உறையைக் கவிழ்த்துக் கொட்டினேன். அந்தக் குடும்பம் என்னை எப்படிப் பார்த்தது தெரியுமா?

நீ பார்க்கவில்லை. மெழுகுவர்த்தியில் விரலை விட்டுக்கொண்டு நின்றிருந்தாய். "அக்கா, மெழுகு உருகறப்போ சூட்ட வாங்கி உள்ள வெச்சிக்கும். முழுசா உருகற வரைக்கும் மேல சூடு ஏறாது" என்றாய். நான் வேர்வையைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன், இவன் மெழுகுக்குப் பாடம் எடுக்கிறான் என்று எரிந்து விழுந்தேன். சாமியார் வந்துவிட்டதால் பிழைத்தாய்.

அதற்குப் பிறகு உனக்கு வேறு பேச்சே கிடையாது. பொருளறிவியல் படித்தவன் கம்பி, உலோகம் என்று இருப்பான் என நினைத்தால், நீ மெழுகைக் கட்டிக்கொண்டு அழுதாய். உடம்புச் சூட்டிலேயே உருகி, கால் வேர்க்காமல் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஒரு மெழுகைக் கண்ணுக்குத் தெரியாத குண்டுகளுக்குள் அடைத்து, சிலிகானில் கலந்து, என் கால் அளவுக்கு ஓர் உறை செய்தாய். மறுவாழ்வு மருத்துவப் பிரிவு டாக்டரம்மா பார்த்துச் சரி என்ற பிறகுதான் மாட்டவிட்டாய். லைனர் என்பாய் நீ. அம்மாவுக்கு அது சாக்ஸ்.

சித்திரை வெயிலில் வீட்டுச் சூட்டுக்கு அந்த மெழுகு மறுபடி உறையவே இல்லை, உறைந்தால்தான் மறுநாள் சூட்டை வாங்கும் என்று ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னாய். "மாவு குண்டான் பக்கத்துல கால் சாக்ஸ வெக்கிற வூடு இந்த ஊர்லயே நம்ம வூடுதான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டதை மறந்திருக்க மாட்டாய். ஷிஃப்ட் முடிந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வந்து நின்று, இன்றைக்கு எப்படி என்று கேட்பாய். அரிக்கிறது, அழுத்துகிறது, உன் மூஞ்சி மாதிரி இருக்கிறது என்பேன். அத்தனையையும் சிரித்துக்கொண்டே கேட்டாய். ஆனால் வேர்வை குறைந்துவிட்டது என்று ஒரு நாள் சொன்னபோது மட்டும் மொட்டை மாடிக்கு ஏறிப் போய்விட்டாய். அங்கே தனியாக என்னடா செய்தாய்?

பிறகு காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை. அதை எழுதக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அந்த லைனரைக் கழுவித் துடைத்து, உன் கைக்குட்டையில் சுற்றிப் பீரோவில் வைத்தேன். நீ உன் கையால் செய்தது அது ஒன்றுதான். போட்டால் தேய்ந்துபோகுமே. பழைய உறையையே எடுத்து மாட்டிக்கொண்டேன். வேர்வை பழையபடி வந்தது, கால் புண்ணானது. கம்பெனி லைனில் நின்று வேலை பார்க்க முடியாமல் லீவு போட்டேன். டாக்டரம்மா என்னைப் பிடித்துக் காய்ச்சினார். பரவாயில்லை என்று இருந்தேன்.

அப்போதுதான் முத்துச்செல்வி வந்தாள். உன் லேபில் ஆராய்ச்சி செய்கிற திருநெல்வேலிப் பெண், நீ வாயாடி என்று சொல்வாயே, அவளேதான். வாயாடுகிறவள் அன்று வாசலில் நின்றுகொண்டு தரையையே பார்த்தாள். உன் லைனரை அறுக்க வேண்டும் என்றாள்.

"மெஷின்ல உருக்கி உருக்கிப் பாத்துட்டோம்க்கா, குண்டு உடையல. ஆனா மெஷினு ஷேர் ஆட்டோல ஏறாதுல்லா? ஒங்க கால்ல கெடந்து உழைச்சது அது ஒண்ணுதான் இருக்கு. உள்ள எப்படி இருக்குன்னு தெரியாம அடுத்தவங்க கால்ல மாட்ட முடியாதுக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தம்பி போனது போதாதா, அவன் கை பட்டதையும் துண்டு போடுவீர்களா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டாள். சாயங்காலம் அம்மா என் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"அவன் அந்த சாக்ஸ காலுக்கு செஞ்சானா, பீரோவுக்கு செஞ்சானா?"

மறுநாள் நானே அதை லேபுக்கு எடுத்துக்கொண்டு போனேன். கைக்குட்டையை மட்டும் கொடுக்கவில்லை.

அறுக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே இரு என்றார்கள், மாட்டேன் என்றேன். கத்தி இறங்கியபோது இல்லாத காலில் வலித்தது, பொய் சொல்லவில்லை. மைக்ரோஸ்கோப் படத்தைத் திரையில் காட்டினார்கள். ஜவ்வரிசி மாதிரி குண்டு குண்டாக இருந்தது, பெரும்பாலும் உடையாமல். முன் எலும்பு அழுத்துகிற ஓரத்தில் மட்டும் நசுங்கிப்போயிருந்தது. அந்த ஓரத்தில் மெழுகு இல்லாமல் தடிப்பாக வார்த்தால் போதும் என்று முத்துச்செல்வி சொன்னாள், சொல்லும்போதே அழுதாள். கேட்டாயா? உன் மெழுகு ஜெயித்துவிட்டது. போட்ட இடந்தான் தப்பு, அறிவாளி.

இப்போது சேதிக்கு வருகிறேன். அப்படித் திருத்திச் செய்த முதல் லைனரை, படப்பையில் பூ விற்கிற சரசம்மாவுக்கு மாட்டினார்கள். சர்க்கரை வியாதியில் கால் போனவர். பேச்சுத் துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார் டாக்டரம்மா. அன்று மத்தியானம் வரை கம்பியைப் பிடித்து அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். முடிந்ததும் உட்கார்ந்து, காலைக் கழற்றி, பழக்கதோஷத்தில் உறையைக் கவிழ்த்துப் பிடித்தார். நான் கல்லறையில் பிடித்தேனே, அதே மாதிரி. பிடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, ஒண்ணியும் கொட்டலியே?"

அழுதுவிட்டேன், ஸ்டீபா. உன்னை மண்ணில் வைத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அந்த அம்மா பயந்துபோய், தான் ஏதோ உடைத்துவிட்டோமோ என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் தம்பி செய்ததும்மா என்றேன். எங்கே அந்தப் பிள்ளை, கூப்பிடு, பார்க்கிறேன் என்றார்.

எனக்கும் புதிதாக ஒன்று வந்துவிட்டது. முத்துச்செல்வி கலந்து வார்த்தது. புண் ஆறிவிட்டது, திங்கட்கிழமை லைனுக்குத் திரும்புகிறேன்.

திருநாளன்று வருவேன். உனக்கும் அப்பாவுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுவேன், பெரிதாகவே வாங்குகிறேன். இந்தத் தடவை யார் கல்லறையிலும் உட்கார மாட்டேன். உன் மெழுகுவர்த்தி உருகி அடி தட்டுகிற வரைக்கும், இரண்டு காலில் நின்றுகொண்டே இருப்பேன். எண்ணிப் பார்த்துக்கொள்.

உன்னைத் திட்டாமல் இருக்கத் தெரியாத,
உன் அக்கா ஜெசி