சீட்டில் பென்சிலால் எழுதிய எண்

2024 ஜூலை 9, செவ்வாய்

என் பெயர் வேதாசலம். வயது ஐம்பது. அரசு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பகுப்பாய்வாளர். இந்தக் குறிப்பேட்டின் நோக்கம் ஒன்றே: கண்டதை, கண்ட அன்றே, கூட்டாமல் குறைக்காமல் எழுதிவைப்பது. இன்று ஒரு பெண் என் கையெழுத்தைப் பொய் என்றார். ஆகவே தொடங்குகிறேன்.

அவர் பெயர் மோகனா. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. அவருடைய ஊர்க் கிணற்று நீரில் குளோரைடு உப்பு லிட்டருக்கு 980 மில்லிகிராம் என்று மூன்று முறை சான்றளித்திருக்கிறேன். ஆயிரத்தைத் தாண்டினால்தான் ஊருக்கு லாரித் தண்ணீர். மூன்று முறையும் மனு தள்ளுபடி.

"பேப்பர் நல்லாத்தான் கீது சார். தண்ணிதான் கரிக்குது. பால் ஊத்துனா டீ திரிஞ்சு போவுது. எம் பொண்ணுக்குக் கம்பெனிலேருந்து பாட்டில்ல புடிச்சுட்டுப் போறேன். எங்க மாமனார்தான் கேக்கமாட்டேங்கிறாரு. சர்க்காரே சீல் வெச்சுக் குடுத்துட்டுதுன்னு அதையே குடிக்கிறாரு."

உங்கள் மாமனார் செய்வதே முறை என்றேன். கிணற்று நீர் நிரம்பிய பாட்டில் ஒன்றை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 11, வியாழன்

விதிப்படி அந்தப் பாட்டிலை நான் தொட்டிருக்கக் கூடாது. சோதித்தேன். 1030.

உப்பைக் கலந்து கொண்டுவந்திருப்பார்.

ஜூலை 12, வெள்ளி

சந்தேகம் தீர, மதியம் விடுப்பெடுத்து பஸ் பிடித்து அந்த ஊருக்கே போனேன். என் கையால் கிணற்றில் இறைத்தேன். மோகனாவின் மாமனார் என் பெயரைக் கேட்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டார். சொம்பு நிறையத் தண்ணீர் தந்தார். கேலி துளியும் இல்லை.

"கரிக்குதா பெரியவரே?"

"எனக்குக் கரிக்குதுதான் சார். வயசாச்சு, நாக்கு போயிடுச்சு. நீங்க டெஸ்ட் பண்ணித்தான சீல் வெச்சிருக்கீங்க?"

முழுவதையும் குடித்தேன். கரித்தது.

ஜூலை 15, திங்கள்

நான் கொண்டுவந்த நீரும் 1030. அதே கிணறு, அதே மருந்து, அதே கை. முன்பு 980 எப்படி வந்தது?

ஒரே ஒரு வேறுபாடுதான் தெரிகிறது. கூடத்திற்கு முறைப்படி வரும் பாட்டிலின் கழுத்தில் சீட்டு கட்டியிருக்கும். மாதிரி எடுத்துவரும் ஞானசீலன் — இருபது வருட நண்பன் — அதில் பென்சிலால் ஒரு எண் எழுதுவான். எவ்வளவு நீர்க்கச் செய்யவேண்டும் என்று எனக்கு ஓர் உத்தேசத்திற்காக. இந்தக் கிணற்றின் சீட்டுகளைத் தேடி எடுத்தேன். மூன்றிலும் 970.

சோதனையில், நிறங்காட்டி சேர்த்து மஞ்சளான நீரில் மருந்து சொட்டச் சொட்ட, செங்கல் நிறம் தலைகாட்டும் இடத்தில் நிறுத்தவேண்டும். அந்த இடத்தைச் சொல்வது கண் மட்டுமே. பத்துச் சொட்டு முன்னால் நிறுத்தினால் போதும். ஆயிரத்துக்குக் கீழே வந்துவிடும்.

ஜூலை 17, புதன்

உதவியாளர் ஃபீபியிடம் அந்த நீரைப் பல பாட்டில்களில் ஊற்றி, எனக்குத் தெரியாமல் மற்ற மாதிரிகளோடு கலந்துவைக்கச் சொல்லியிருந்தேன். சில சீட்டுகளில் 970. சில வெறுமை.

வெறுஞ்சீட்டு எல்லாம் 1030-ஐ ஒட்டி. 970 எழுதியவை: 980, 975, 985.

"சார், பென்சில் நம்பர் இருந்தா சீக்கிரமே நிறுத்திடறீங்க," என்றாள் ஃபீபி, தரையைப் பார்த்தபடி.

நான் நிறுத்தவில்லை. இல்லை, நான்தான் நிறுத்தினேன். அப்போது எனக்குள் இருந்தது யார்?

ஜூலை 18, வியாழன்

டீக்கடையில் ஞானசீலனைக் கேட்டேன். முதலில் சிரித்தான்.

"நான் இன்னா உன் கையப் புடிச்சா திருப்புனேன்? நீயா பாத்தே, நீயா எழுதுனே."

"970 யார் சொன்ன எண்?"

"மேலேருந்து வாயால சொல்லுவாங்க. எழுதியா குடுப்பாங்க? பொய்யா எழுதுன்னா நீ எழுதமாட்டே, அது ஆபீஸ் பூரா தெரியும். அதான் உன்னாண்ட யாரும் கேக்கல. நீ கையெழுத்துப் போட்டா எவனும் மறுபேச்சு பேசமாட்டான். பேஜார் பண்ணாத வேதாசலம், டீ ஆறுது."

என் நேர்மையை நம்பித்தான் செய்திருக்கிறார்கள். லஞ்சம் வாங்குகிறவனாக இருந்திருந்தால் என்னிடம் கேட்டாவது இருப்பார்கள். டே ஞானசீலா, உன் மகள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன்டா நான்.

ஜூலை 19, வெள்ளி

விடுப்பு.

ஜூலை 21, ஞாயிறு

மோகனாவுக்குப் போன் செய்து, என் சான்று தவறு என்று நாளை ஆட்சியரிடமே சொல்லப்போகிறேன், வாருங்கள் என்றேன். "மாமனாரையும் கூட்டிட்டு வர்றேன் சார். நீங்க சொன்னாதான் நம்புவாரு," என்றார்.

இந்த முடிவையாவது நானே எடுத்தேனா? மேசைமேல் அவர் வைத்த பாட்டிலும் எனக்குக் கட்டிய ஒரு சீட்டுதானோ? நெடுநேரம் யோசித்தேன். சான்றில் இருக்கும் கையெழுத்து என்னுடையது, அதில் ஐயமில்லை.

நாளை குறைதீர் நாள். காலை பத்து மணிக்கு மனுதாரர் வரிசையில் நிற்பேன். மூன்று சான்றுகளையும் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிய கடிதத்தை, சீட்டுகளோடு ஆட்சியரிடம் கொடுப்பேன். அதற்கு முன் வரிசையிலேயே அந்தப் பெரியவரிடம் சொல்வேன்: "உங்க நாக்கு நல்லாத்தான் இருக்கு. என் கண்ணுதான் போயிடுச்சு."