சங்கரன்கோவிலுக்கு ஒரு ஸ்வெட்டர்

புது ஃபிளெக்ஸின் மை வாடை வீடு முழுக்க அடிக்கிறது. உங்கள் நினைவுக் கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல் அதைச் சுருட்டிக் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். போன வருடத்து நீங்கள் மொட்டைமாடியில் விறகை மூடிக்கொண்டு கிடக்கிறீர்கள். அதற்கு முந்திய நீங்கள் ஒழுகும் குளியலறைக் கூரையின் மேல். இந்த வருடத்து உங்களை எங்கே விரிப்பது என்று தெரியவில்லை.

எல்லாவற்றிலும் கோட்டு சூட்டுதான். யாருடைய உடம்போ, தலை மட்டும் உங்களுடையது. "கழுத்த நெரிக்கிற உடுப்பெல்லாம் எனக்கு ஆகாது" என்று கல்யாணத்துக்கே வேட்டி சட்டையோடு உட்கார்ந்தவர் நீங்கள். கூட்டம் நடத்தும் பாத்திரக்கடை அண்ணாச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். "மதிப்பா இருக்கட்டும் தாயி" என்றார். இந்த ஊரில் உங்களை வருடம் தவறாமல் நினைப்பவர் அவர் ஒருவர்தான். அதனால் சண்டையும் போட முடியவில்லை.

கோட்டைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில், 'உயிரைக் கொடுத்த தியாகி' என்று போடுகிறார்களே, அதைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. நீங்கள் எதைக் கொடுத்தீர்கள்? என் அண்ணன் வந்தால் சீப்பை ஒளித்து வைக்கிற ஆள் நீங்கள். வடக்கே நம் ஜவுளிக்கடைக்குப் போர்வை எடுக்கப் போனீர்கள். சந்தையில் டீ குடித்துக்கொண்டு நின்றீர்கள். எவனோ வைத்த குண்டு வெடித்தது. உங்களிடமிருந்து பிடுங்கினார்கள். பிடுங்கியதைக் கொடுத்ததாக எழுதினால் அது யாருக்கு வசதி?

இந்த வருடம் மேடையில் பேச நம் மகளுக்கும் நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அம்மா, அப்பா உயிரக் குடுக்கும்போது என்னைய நெனக்கவே இல்லையா?"

ஃபிளெக்ஸைப் படித்துப் படித்து, அப்பா தன்னை வேண்டாமென்று விட்டுப் போனதாகப் பிள்ளை நம்பிவிட்டது. அந்த நேரத்தில் உங்கள் மேலும் கோபம் வந்தது. நியாயமில்லைதான், ஆனாலும் வந்தது.

குண்டு வெடித்த அன்றைக்கு நீங்கள் போனில் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஏட்டி, பிள்ளைக்கு ஸ்வெட்டர் எடுத்திருக்கேன், ரோஸ் கலரு. ரூம்ல வச்சிட்டு டீ குடிக்க வந்தேன்" என்றீர்கள். மார்கழியிலும் மின்விசிறியை நிறுத்தாத வீட்டுக்கு ஸ்வெட்டர்! "இதப் போட்டு எங்க கூட்டிட்டுப் போவீக?" என்று கத்தினேன். "இரு, டீ வந்துட்டு. பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டீர்கள்.

கூட்டத்தில் மகளைக் கூப்பிட்டபோது நான் போய் மைக்கைப் பிடித்தேன்.

"எங்க வீட்டுக்காரவுக யாருக்கும் உயிரக் குடுக்கல. பிள்ளைக்கு ஸ்வெட்டர் வாங்கி வச்சிருந்தாக. வீட்டுக்குத் திரும்பி வாரதுக்குத்தான் வாங்கி வச்சாக. வரவிடாமக் கொன்னுட்டானுவ. நெனச்சா அத நெனைங்க."

யாரும் கைதட்டவில்லை. அண்ணாச்சி எனக்குப் போர்த்த எடுத்த சால்வையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இறங்கும்போது மெதுவாக, "வேட்டி கட்டுன போட்டோ ஒண்ணு குடு தாயி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பீரோவைத் திறந்து, உங்கள் பையோடு வந்த அந்த ஸ்வெட்டரை எடுத்தாள். தலை நுழையவில்லை. ஒரு கையை மட்டும் விட்டுப் பார்த்தாள், முழங்கையோடு நின்றுவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை.

"இந்த ஊர்ல இத எப்பம்மா போட?"

"அதத்தான் நானும் ஒங்கப்பாட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாக?"

"பொறவு பேசுதேன்னாக."

அவள் அதைக் கையிலிருந்து கழற்றவில்லை. அப்படியே தூங்கிப்போனாள். பாதியில் நிற்கிற அந்தச் சண்டையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நீங்கள் பதில் சொல்லாமல் அதை முடிப்பதாக இல்லை.