சூளையில் சுருங்கிய ஷூ

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசுதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பேசும்போது நம் வாலு பக்கத்திலேயே உட்கார்ந்து, படிப்பது போல நடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பாள். அவள் காதில் விழாமல் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும், அதனால்தான் கடிதம்.

பார்சல் வந்து சேர்ந்தது. பீங்கான் வகுப்பில் அச்சு எடுக்க அவளுடைய பழைய ஷூ வேண்டும் என்றதற்கு, "படிக்கப் போனியா, செருப்புக் கடை வைக்கப் போனியா?" என்று கேட்டீர்களே, அந்த நக்கலுக்கு நேரில் பதில் சொல்கிறேன். கிழிந்த ஷூவைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறேன் என்று என் அறைத்தோழி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். சின்னப் பெண், சிரித்துவிட்டுப் போகட்டும்.

முதல் அச்சு பாழாய்ப் போனது. ஷூவுக்குள் களிமண் அடைத்து, மேலே சோப்புக் கரைசல் தடவி, அதன் பிறகு பிளாஸ்டரைக் கரைத்து ஊற்ற வேண்டும். அவசரத்தில் லேஸ் ஓட்டைகளை அடைக்க மறந்துவிட்டேன். பிளாஸ்டர் அதற்குள் புகுந்து இறுகிக்கொண்டது. தட்டித் தட்டிப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது ஆசிரியை வந்து பார்த்தார். "என்னம்மா, ரயிலப் பிடிக்கணுமா?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த வாரம் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நான் பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாகத்தான் இருந்தேன்.

இரண்டாவது அச்சு ஒழுங்காக வந்தது. களிமண் கூழை அதில் ஊற்றி, ஓரத்தில் மண் கெட்டியாகப் பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டினேன். அச்சைப் பிரித்தால் அப்படியே அவள் ஷூ. முனையில் தேய்ந்த பள்ளம்கூட விட்டுப்போகவில்லை. கல்லை எத்தாமல் அவளுக்கு நடக்கத் தெரியாதே.

திருப்பிப் பார்த்தால் அடியில் அளவு எண்ணும் பதிந்திருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்தநாளுக்கு நான் வாங்கி அனுப்பிய சிவப்பு ஷூ இதைவிட இரண்டு அளவு சின்னது. காலைக் கடிக்கிறது என்று அவள் ஒதுக்கிப்போட்ட இந்தப் பழைய ஷூவே நான் வாங்கிய புதுசைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. சரியாக இருந்ததா என்று கேட்டபோது, "ம், நல்லாருக்கு" என்று சமாளித்தீர்கள். அதற்குப் பிறகுதான் அவள் போனுக்கு வருவதை நிறுத்தினாள். பரீட்சை, தூக்கம், குளியல் என்று நீங்களும் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். முதலில் உங்கள் மேல் கோபமாக வந்தது. யோசித்துப் பார்த்தால் உங்களைக் கோபித்து என்ன பயன்? பெற்றவளுக்குப் பிள்ளையின் கால் அளவு தெரியவில்லை.

நேற்று சூளையைத் திறந்தோம். பல சோதனைத் துண்டுகளைச் சுட்டுப் பார்த்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடிப் பூச்சைத்தான் பூசியிருந்தேன். மெல்லிசாகப் பூசிய இடமெல்லாம் பழுப்பாகி, பாலிஷ் காணாத ஷூ மாதிரியே வந்திருந்தது. பூச்சு அருமை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பூச்சைப் பார்க்கவில்லை. காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும் என்பது நான் படித்த பாடம்தான். ஆனாலும் கையில் எடுத்தபோது, நான் கிளம்பிய அன்று வாசலில் உட்கார்ந்து அவளுக்கு லேஸ் கட்டிவிட்டேனே, அந்த அளவுக்கு வந்திருந்தது அந்த ஷூ. சூளையோரத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கையைச் சுட்டுக்கொண்டேன் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். "முடிச்சிட்டு வா, நாங்க எங்க ஓடிப்போறோம்" என்பீர்கள். நீங்கள் ஓட மாட்டீர்கள். அவள் அங்கே எனக்குத் தெரியாமல் வளர்ந்துகொண்டிருக்கிறாளே, அதை எப்படித் தாங்குவது?

எனக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் வைத்து, அவள் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்புங்கள். தூங்கும்போது திருட்டுத்தனமாக அளவு எடுக்க வேண்டாம். அம்மாவுக்கு உன் கால் அளவு தெரியவில்லையாம், கேட்கிறாள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நிற்கட்டும். என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். அந்தத் தாளின் மேல் அவளாகக் கால் வைத்தால் போதும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா