பக்க வாய்க்கால்

வெள்ளி, இரவு

இன்று கொழும்பில் டொக்டர் என் வீட்டுக்காரருடைய ஈரலின் படத்தைக் காட்டினார். ஈரலிலுள்ள புற்றுக்கட்டிக்கு இரத்தக்குழாய் வழியே கதிர்வீச்சு மருந்து விடுமுன் சோதனைக்கு வேறொரு மருந்தை விட்டுப் பார்த்தார்களாம். அந்தக் குழாயிலிருந்து ஒரு சிறு நாளம் இரைப்பைக்குப் பிரிகிறது. அதை அடைக்காவிட்டால் மருந்து அங்கே போய்ப் புண்ணாக்கிவிடும்.

கட்டிலில் கிடந்த இவர் சிரித்தார். "வெங்காயப் பாத்திக்குத் தண்ணி விடுற மாதிரித்தான் புள்ள. பக்க வாய்க்கால அடைச்சிட்டுத்தான் திறக்கோணும்."

இவரை வார்டில் விட்டுவிட்டுத் தனியே கற்பிட்டித் தோட்டத்துக்கு வந்தேன். பாத்திகள் காய்ந்து கிடந்தன. அடைப்பது எப்போதும் இவர் வேலை, மோட்டர் போடுவது என் வேலை. இன்று நானே மண் வெட்டிப்போட்டு அடைத்தேன். பிறகு சுவிட்ச்சில் கை வைத்தபடி நின்றேன். "ஓம், போடு" என்று வரம்பிலிருந்து இவர் கத்தட்டும் என்று, இருட்டும்வரை நின்றிருக்கிறேன்.