பதினேழாம் கிணற்றின் மேல் ஊதா முத்திரை

மார்ச் 4, செவ்வாய்
தீக்கா சாலையில் மழை. நான் வந்த மடாட்டு வேன் முக்கால் மணி நேரம் நகரவே இல்லை. வந்ததும் தண்ணீர்த் துறைக்குப் பச்சை போட்டேன். முப்பத்தொரு துறைகளும் தங்கள் தகவல்களை மக்கள் பார்க்கும்படி இணையத்தில் போட்டனவா என்று பார்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு போடுவதுதான் ஆறு வருஷமாக என் பிழைப்பு. ஆழ்துளைக் கிணறுகளின் நீர்ப் பரிசோதனை, 212 பக்கம், கடைசி நாளில் ஏற்றிவிட்டார்கள். நிம்மதி.

மார்ச் 6, வியாழன்
ஜெலகத் என்று ஒரு பெண் போன் செய்தாள். பள்ளத்தாக்குப் பக்கம் ஓர் ஊரின் தண்ணீர்க் கமிட்டிச் செயலாளர். பழைய கிணற்றில் ஃப்ளோரைடு; பிள்ளைகளின் பல்லெல்லாம் பழுப்பு. புதிய கிணற்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள், 24ஆம் தேதி திறப்பு. அது பதினேழாம் எண் கிணறு. அதில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமாம்.

"பச்சை போட்டிருக்கீங்களே மேடம். அதைத் தெறந்து பாத்தீங்களா?"

இல்லை. எங்கள் படிவத்தில் 'ஏற்றினார்களா' என்றுதான் கேள்வி. பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

பிறகு திறந்தேன். எக்செல் இல்லை. அச்சடித்து, பக்கத்துக்குப் பக்கம் ஊதா முத்திரை குத்தி, படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். முத்திரை சரியாக ஃப்ளோரைடு எண்கள் மேலேயே. பதினேழில் ஒரு புள்ளி மட்டும் தெரிகிறது. புள்ளிக்கு முன்னால் ஒன்றா, நான்கா? ஒன்றரை வரைக்கும் குடிக்கலாம். நான்கு என்றால்—

மார்ச் 7, வெள்ளி
தண்ணீர்த் துறைக்கே போனேன். கிர்வா, அங்கே தகவல் அதிகாரி, டீயும் மண்டாசிப் பலகாரமும் வைத்து உபசரித்தார்.

"முத்திரை இல்லாம எந்தத் தாளு மேடம் இந்த ஆபீஸ் வாசலத் தாண்டியிருக்கு?"

"அதுக்கு நம்பர் மேலயா குத்துவீங்க?"

"ஓரமா குத்தினா எவனாவது நம்பரை மாத்திருவான். அதனாலதான் மேல."

எக்செல்லைக் கொடுங்கள் என்றேன். "அதுல முத்திரை இல்லியே, எப்படிக் குடுக்கறது?" என்றார், சிரிக்காமல். அந்த மனுஷன் கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே கேட்கிறார். அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 10, திங்கள்
பச்சையைச் சிவப்பாக்க வேண்டும் என்று எங்கள் தலைவர் முட்டிஸ்யாவிடம் கேட்டேன். "தண்ணீர்த் துறை பச்சைன்னு அமைச்சர் மேடையில சொல்லியாச்சும்மா. மாத்தணும்னா முதல்ல அந்தத் துறைகிட்ட விளக்கம் கேளு."

மார்ச் 11
கேட்டு எழுதினேன். மூன்று பக்கம். காட்டமாக.

மார்ச் 13, வியாழன்
கிர்வாவின் பதில் வந்தது. ஒரே வரி: 'தங்கள் விதிப்படியே செய்தோம்.' கூடவே ஒரு நகல். 2019 வழிகாட்டு விதிகள், விதி 9: 'எண்கள் எவரும் திருத்த முடியாதபடி துறையால் சான்றளிக்கப்பட்ட பின்னரே ஏற்றப்பட வேண்டும்.'

கீழே என் கையெழுத்து. நான் எழுதிய விதி.

அப்போது ஏதோ ஒரு துறை எண்களை மாற்றி மாற்றி அனுப்பியது, அதைத் தடுக்க எழுதினேன். பெருமையாக வேறு இருந்தது. சான்றளி என்று சொன்னால் இந்த ஊரில் எவனும் முதலில் எதைக் கையில் எடுப்பான்? எனக்குத் தெரியாதா? என் மேசையிலேயே மூணு முத்திரை கெடக்கு. யாரைத் திட்டுறது இப்ப?

மார்ச் 14
தட்டில் உகாலிக் களி அப்படியே ஆறிக் கிடக்கிறது. இன்னும் பத்து நாள்.

மார்ச் 17, திங்கள்
விதி 9 ரத்து என்று கடிதம் எழுதி எடுத்துப்போனேன். துறைப் பட்டியலில் தண்ணீர்த் துறைக்குச் சிவப்பு; முப்பத்திரண்டாவது வரி ஒன்று சேர்த்து எங்கள் பிரிவின் பெயரை எழுதி, அதற்கும் சிவப்பு.

"உன் பேருதான் நாறும், பாத்துக்கோ," என்றார் முட்டிஸ்யா.

"நாறட்டும் சார். கையெழுத்துப் போடுங்க."

ரொம்ப நேரம் பேனாவை உருட்டினார். போட்டார்.

மார்ச் 20, வியாழன்
எக்செல் வந்துவிட்டது. கிர்வாவுக்கு எழுத்தில் ஒரு உத்தரவு போதும்போல.

பதினேழு: 4.8.

ஜெலகத்துக்குச் சொன்னேன்.

"இதை எப்ப சோதிச்சாங்க மேடம்?"

"டிசம்பர்ல."

"நாங்க குழாய்க்குப் பள்ளம் தோண்டினது ஜனவரில."

பதினேழாம் கிணறு இருக்கும் பக்கத்தை அவளுக்கு அனுப்பினேன்.

மார்ச் 24, திங்கள்
திறப்பு விழா இல்லை. பிள்ளைகளுக்கு மழைத் தண்ணீர்த் தொட்டியாம், மழை இருக்கும்வரை.

மற்ற பச்சைகளை ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினேன். இன்று ஒன்பது. ஏழில் முத்திரை.

மாலையில் ஜெலகத் ஒரு படம் அனுப்பினாள். புதுக் குழாயின் வாயில் சாக்குக் கட்டியிருக்கிறது. மேலே பலகையில் நான் அனுப்பிய பக்கம், 4.8 தூரத்திலிருந்தே தெரிகிறது. கமிட்டியின் முத்திரையும் இருக்கிறது. கீழே, ஓரத்தில், எந்த எண்ணையும் தொடாமல்.