இவர் தோளில் பூசுவது

2006 ஒக்டோபர் 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். கணவரைப் பற்றி இப்படி எழுதுவது சரியில்லை, கடவுள் மன்னிக்கட்டும். வேறு யாரிடம் சொல்ல?

குளியலறைக் கதவு மறுபடி பூட்டு. வெளியே வரும்போது ஸ்பிரிட் வாசனை. குடியா, விடியற்காலையிலா? வாயில் வாசனை இல்லை. படுக்கையிலும் முழுக்கைச் சட்டை. தோளில் கை வைத்தேன், விலக்கிவிட்டார்.

வாங்க: பருப்பு, வெங்காயம், சலவைத்தூள்.

ஒக்டோபர் 10
மச்சாள் வந்தா, இவருடைய அக்கா. தேநீர் குடித்தபடி, "கலியாணமாகி மூண்டு வரியமாச்சு, இன்னும் ஒரு பிள்ளையில்லை. கம்பஸிலை இதை மட்டும் படிப்பிக்கேல்லைப் போல."

சிரித்து வைத்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது, விலங்கியல். அதுவும் குற்றம்.

என் சோதனைகளில் குறையில்லை. விந்தணுச் சோதனைக்கு டொக்டரிடம் நேரம் குறித்து எடுத்த டெர்மினையெல்லாம் இவர் தள்ளிப்போடுகிறார். ஆனால் ஜிம்முக்குத் தவறுவதில்லை. யாருக்காக அந்த உடம்பு?

ஒக்டோபர் 12
வெயில். சலவை. ஜிம் பையில் கிழித்த வெள்ளிப் பாக்கெட்டுகள். அதே வாசனை. டெஸ்டோஸ்டெரோன் ஜெல், ஆண் ஹோர்மோன், தோளில் பூசுவது.

வேறு பெண் இல்லை. நிம்மதி வரவேண்டும். வரவில்லை.

படித்தது: மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி உத்தரவிட்டால்தான் விந்தகம் விந்தணுவை உண்டாக்கும். வெளியிலிருந்து இந்த ஹோர்மோன் ஏறினால், போதும் என்று அது உத்தரவை நிறுத்திவிடும். உடம்பு திரளும், விந்தணு குறையும், இல்லாமலும் போகும்.

தெரிந்துதான் பூசுகிறாரா? பிள்ளை வேண்டாமா இவருக்கு?

ஒக்டோபர் 13
பாக்கெட்டை மேசையில் வைத்தேன்.

"இது என்னப்பா?"

"கை வலிக்கு."

"அதிலை பேர் போட்டிருக்கு."

பாக்கெட்டைக் குப்புறத் திருப்பி வைத்தார். பிறகு சுவரைப் பார்த்து, "ஜிம்மிலை ஒருத்தன் தந்தவன். ஆம்பிளைச் சத்தாம், பிள்ளை நிக்குமாம். கொஞ்சம் சத்தை ஏத்திப்போட்டுச் சோதனைக்குப் போவமெண்டு..."

"அதுதான் விந்தணுவை நிப்பாட்டுது. விட்டா திரும்பி வரும். மாதக்கணக்காகும்."

"நீர் தவளையெல்லோ வெட்டிப் படிச்சனீர்?"

"இதிலை தவளையும் நீங்களும் ஒண்டுதான்."

சிரித்துவிட்டார். விடுகிறாராம். பாதி நம்பினேன்.

ஒக்டோபர் 15, ஞாயிறு
மழை. குளியலறையில் வாசனை இல்லை. ஆனாலும் பையைத் தடவினேன். பிரிக்காத பாக்கெட் ஒன்று.

மச்சாளின் போன். குரல் அடுப்படிவரை கேட்டது: "அவளை நல்ல டொக்டரிட்டைக் காட்டடா."

இவர்: "ஓம் அக்கா, கூட்டிக்கொண்டு போறன்."

என்னை. எல்லாம் தெரிந்த பிறகும்.

போனை வைக்கும்வரை நின்றேன்.

"இஞ்சருங்கோ. செவ்வாய்க்கிழமை உங்கடை பேரிலை டெர்மின் எடுத்திருக்கு, நானும் வாறன். பூசினதை டொக்டரிட்டை மறைக்காமல் சொல்லுங்கோ. இப்ப அக்காவுக்குத் திருப்பி எடுங்கோ. குறை என்னிலை இல்லையெண்டு உங்கடை வாயாலை சொல்லுங்கோ."